வாசலை அளந்து மெஷின் வாங்குவோம்



பருப்பு மண்டியில் நாற்பது ஆண்டுகள் தராசுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நாம், புல் வெட்டும் மெஷினைப் பற்றி எழுத வந்திருக்கிறோமே என்று நீங்கள் சிரிக்கலாம். 2023-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு மெஷின் வாங்கப் போய் நாம் பெற்ற அனுபவம், கடைக்கு மெஷின் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் பயன்படும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மகன் இருப்பது ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய ஊர். வீட்டு மனை முக்கால் ஏக்கர். நம் பக்கம் முக்கால் ஏக்கர் இருந்தால் தென்னை வைப்போம், அல்லது பிளாட் போடுவோம். அங்கே புல் வளர்க்கிறார்கள். வளர்த்த புல்லை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாராவாரம் வெட்டுகிறார்கள். வெட்டாமல் விடவும் முடியாது. பல ஊர்களில் புல் எட்டு, பத்து அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்துவிடும்.

மகனிடம் இருந்தது 21 அங்குல அகலத்துக்கு வெட்டும் பழைய மெஷின். தானாக நகராது, பின்னால் நின்று தள்ள வேண்டும். சனிக்கிழமை காலை அதிலேயே போய்விடும். மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். பேரன் பந்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போவதை நாமே பார்த்தோம்.

மே மாதக் கடைசியில் அங்கே ஒரு நீண்ட விடுமுறை வரும். கடைகளில் எல்லாம் தள்ளுபடி. "அப்பா, 30 அங்குல மெஷின் 150 டாலர் தள்ளுபடியில் வந்திருக்கு. திங்கட்கிழமையோட முடியுது. இப்பவே ஆர்டர் போட்டுரட்டுமா?" என்று மகன் கேட்டான்.

'இன்றோடு முடிகிறது' என்ற வார்த்தை வியாபாரிக்குப் புதிதா? நாமே எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்! "ஒரு நாள் பொறு தம்பி" என்றோம். அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது.

நாம் கட்டிய பாடக் கட்டணம்

1998-இல் நம் கிட்டங்கிக்குப் பருப்புச் சலிக்கும் பெரிய மெஷின் ஒன்று வாங்கினோம். வெளி மாநிலத்துக் கம்பெனி. "பழைய மெஷினைப் போல இரண்டு மடங்கு அகலம், இரண்டு மடங்கு வேலை" என்றார் விற்க வந்தவர். அகலத்தைக் கேட்டு மயங்கினோமே தவிர, கிட்டங்கி வாசலை அளக்கவில்லை. லாரியில் வந்து இறங்கிய மெஷின் வாசலில் நுழையவில்லை. கொத்தனாரை வைத்துச் சுவரை இடித்து உள்ளே கொண்டுபோனோம். ஏழாம் மாதம் ஒரு பேரிங் போயிற்று. அந்த அளவு பேரிங் நம் மாவட்டத்திலேயே கிடைக்கவில்லை. எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. சீசன் இரண்டு போயிற்று. கடைசியில் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார். இடித்த சுவரைக் கட்டிய செலவு தனி.

அந்த நஷ்டத்தில் கற்றதை மகனுக்காவது பயன்படுத்துவோம் என்று டேப்பைக் கையில் எடுத்தோம்.

அகலத்தின் கணக்கு

புல் வெட்டும் மெஷின் பிறந்ததே ஒரு ஆலையில்தான். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர், கம்பளித் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சீவுகிற மெஷினைப் பார்த்து, புல்லையும் இப்படிச் சீவலாமே என்று 1830-இல் முதல் மெஷினைச் செய்தார். அதன் அகலம் 19 அங்குலம். இன்றும் வீடுகளில் தள்ளுகிற மெஷின் பெரும்பாலும் 21 அங்குலம்தான். அதற்கு மேல் 28, 30, 33 அங்குலத்தில் வருபவையே அகல மெஷின்கள்.

வெட்டும்போது பக்கத்து வரிசையோடு மூன்று அங்குலம் சேர்த்து வெட்டினால்தான் நடுவில் புல் நிற்காது. ஆகவே 21 அங்குல மெஷினுக்குப் பயன் அகலம் 18 அங்குலம். 30 அங்குல மெஷினுக்கு 27 அங்குலம். மகன் வீட்டில் வீடு, கார் பாதை, மரங்கள் போக வெட்ட வேண்டிய புல்தரை 24,000 சதுர அடி. சிறிய மெஷினில் அதை வெட்ட 16,000 அடி, அதாவது மூன்று மைல் நடக்க வேண்டும். அகல மெஷினில் இரண்டு மைல் போதும். மணிக்கு மூன்று மைல் வேகத்தில் நடந்தால் ஒரு மணி நேர வேலை நாற்பது நிமிடத்தில் முடிகிறது. திரும்புகிற நேரம், மரத்தைச் சுற்றுகிற நேரம் இரண்டுக்கும் தனி.

வாரத்துக்கு 20 நிமிடம் மிச்சம். ஆண்டுக்கு 28 தடவை என்றால் 560 நிமிடம், ஒன்பது மணிக்குச் சற்று மேல். தானாக நகரும் 21 அங்குல மெஷின் அங்கே அப்போது 600 டாலர். 30 அங்குலம் 1,500 டாலர். கூடுதலாகக் கொடுப்பது 900. மெஷின் எட்டு ஆண்டு உழைத்தால் மிச்சமாவது ஏறக்குறைய 75 மணி. ஆக ஒரு மணி நேரத்தை 12 டாலருக்கு வாங்குகிறோம். ஆள் வைத்து வெட்ட ஒரு தடவைக்கு 60 டாலர் கேட்டார்கள். 28 தடவைக்கு 1,680. ஒரே ஆண்டில் மெஷின் விலை அதில் போய்விடும்.

இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 6,000 சதுர அடிப் புல்தரைக்கு மிச்சமாவது ஐந்தே நிமிடம். அதற்காக 900 டாலர் கொடுப்பது வீண். புல்தரையே ஒரு ஏக்கருக்கு மேல் என்றால் நடந்து மாளாது. உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின்தான் சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கே அகல மெஷின். மகன் அந்த நடுவில்தான் இருந்தான். கணக்கு அவன் பக்கம் நின்றது.

வாசல், சரிவு, பெல்ட்

அடுத்து வாசல். பின்பக்கத் தோட்டத்துக்குப் போகிற மரக் கேட்டை 36 அங்குலம் என்று மகன் சொன்னான். அது நிலைக்கு நிலை. கீல், தாழ்ப்பாள், சாய்ந்து போன கம்பம் எல்லாம் போக உள்ளே நுழைய இருந்த இடம் முப்பத்திரண்டரை அங்குலம். மெஷினின் வெளி அகலம் 33. 30 அங்குலம் என்பது பிளேடு வெட்டுகிற அகலம். மூடியும் சக்கரமும் அதற்கு வெளியே இருக்கும். விலைச்சீட்டில் இருக்கிற அகலம் வேறு, வாசலில் நுழைய வேண்டிய அகலம் வேறு. "அரை அங்குலம்தானேப்பா" என்றான் மகன். கிட்டங்கிச் சுவரை நினைத்துக்கொண்டோம்.

மூன்றாவது, தரை. அகலமான மெஷின் மேடுபள்ளத்தில் போனால் பள்ளத்தில் புல் நிற்கும், மேட்டில் மண்ணோடு சீவிவிடும். மெஷின் எடையும் 60 கிலோவை ஒட்டி இருக்கிறது. முன்னே போவதற்கு இன்ஜின் இழுக்கும். திருப்பவும் பின்னுக்கு இழுக்கவும் நம் கைதான். சரிவில், நடந்து வெட்டுகிற மெஷினைக் குறுக்கே ஓட்ட வேண்டும். உட்கார்ந்து ஓட்டுவதை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். ஈரப் புல்லில் கால் வழுக்கும். காய்ந்த பிறகுதான் இறங்க வேண்டும். மகன் வீட்டில் தரை பெரும்பாலும் சமதளம். பின்னால் வாய்க்கால் ஓரம் மட்டும் சரிவு. அதைப் பழைய மெஷினிலேயே வெட்டுவது என்று பேசிக்கொண்டோம்.

நான்காவது, உள் அமைப்பு. சாதாரண மெஷினில் பிளேடு இன்ஜின் தண்டிலேயே மாட்டியிருக்கும். அகல மெஷினில் பெரும்பாலும் இரண்டு பிளேடு. இரண்டையும் சுற்றுவது பெல்ட். பெல்ட் என்றால் தேயும், ஒரு நாள் அறும். அறுந்தால் யார் தருவார்? தள்ளுபடி கொடுத்த பெரிய கடையில் கேட்டோம். "ரிப்பேர் எங்கள் வேலை இல்லை, கம்பெனிக்கு எழுதுங்கள்" என்றார்கள். பேரிங்குக்கு நாம் எழுதிய கடிதம் நினைவுக்கு வந்தது.

கம்பி கட்டிய லீவர்

நடுவில் இன்னொரு ஆசையும் வந்தது. இரண்டு தெரு தள்ளி ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். பழைய அகல மெஷின் 300 டாலர். ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் ஓடியது. குனிந்து பார்த்தால், கைப்பிடியோடு சேர்த்துப் பிடிக்க வேண்டிய லீவரைக் கம்பியால் கட்டி வைத்திருந்தார். கை வலிக்காமல் இருக்கவாம்!

அந்த லீவரை விட்டால் மூன்று விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது 1982 முதல் அமெரிக்காவில் சட்டம். பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடி வரை சுற்றலாம் என்பது அங்குள்ள அளவு. அவ்வளவு வேகத்தில் ஒரு கூழாங்கல் பட்டால் தோட்டாதான். பக்கத்தில் பேரன் ஓடியாடுகிற வீடு. 1,200 டாலர் மிச்சம் என்று வாங்கினால் அது லாபமா? பேசாமல் திரும்பிவிட்டோம். நம் கடைகளிலும் வேலை வேகமாக நடக்கட்டும் என்று அரவை மெஷினின் மூடியைக் கழற்றி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம். ஒரு விரல் போன பிறகு மூடியை மாட்டி என்ன பயன்?

முடிவு

கடைசியில் பக்கத்து ஊரில் அப்பாவும் மகளும் சேர்ந்து நடத்துகிற சிறிய கடைக்குப் போனோம். தள்ளுபடி இல்லை. அதே 30 அங்குல மெஷின், முழு விலை. சுவரில் ஆணி அடித்து அந்த மெஷினுக்குரிய பெல்ட்டுகளை அளவு வாரியாக மாட்டி வைத்திருந்தார்கள். கேட்காமலேயே அந்த அம்மாள் சொன்ன விவரங்கள்: வெட்டும்போது புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, பிளேடைத் தொடுவதற்கு முன் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்ற வேண்டும், குளிர்காலத்தில் பழைய பெட்ரோலை உள்ளே விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். "உங்கள் கேட் எத்தனை அங்குலம்?" என்று அவரே கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே 150 டாலர் கொடுக்கலாம் என்று நமக்குத் தோன்றியது. தச்சரை வைத்துக் கம்பத்தை நகர்த்தி நட்டோம். அதற்கு 180 டாலர். அதன் பிறகே மெஷின் வீட்டுக்கு வந்தது.

2024 ஜூலையில் மகனிடமிருந்து போன். "அப்பா, காலையில வெட்டிக்கிட்டு இருக்கும்போதே பெல்ட் அறுந்து போச்சு. அந்தக் கடையில இருந்துச்சு. சாயங்காலமே வெட்டி முடிச்சிட்டேன்." பின்னால் பேரன் பந்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

ஆகவே வணிக நண்பர்களே, குளிர்பெட்டியோ, அரவை மெஷினோ, தராசோ, எதை வாங்கினாலும் முதலில் வாசலை அளப்போம். நம் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடுவோம். காப்பு மூடி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்ட பிறகே விலையைக் கேட்போம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய கடைத் தள்ளுபடியோடு நாம் எப்படிப் போட்டி போடுவது என்று கவலைப்படுகிறோம். அந்தச் சிறிய கடைக்கு நாம் 150 டாலர் கூடக் கொடுத்து மனநிறைவோடு திரும்பினோம். கேட்டின் அகலத்தைக் கேட்டார்கள். பெல்ட்டை வாங்கி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. நம் கடைக்கு வருகிறவரிடம் நாமும் அப்படி ஒரு கேள்வி கேட்டால், அவர் நம்மை விட்டு எங்கே போகப் போகிறார்?