அணியத்தகு மூளை மின்னலைக் கண்காணிப்பில் உலர் மின்முனைகள்

திறவுச்சொற்கள்: மூளை மின்னலை, உலர் மின்முனை, மின்மறிப்பு, கடத்துப் பசை

முன்னுரை

செருமனியின் ஜெனா நகரில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய ஹான்ஸ் பெர்கர் 1924ஆம் ஆண்டு மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தார்; 1929இல் அவற்றை வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் அப்பதிவின் அடிப்படை இடர்ப்பாடு மாறவில்லை. தலைத்தோலின்மீது கிடைக்கும் மின்னழுத்தம் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரோவோல்ட் அளவினதே. அதனைச் சிதைவின்றிப் பெறுவது மின்முனையும் தோலும் சந்திக்கும் இடத்தைப் பொறுத்தது.

பசையின் பணி

உடலில் மின்னோட்டம் அயனிகளால் நிகழ்கிறது; கம்பியில் எலக்ட்ரான்களால் நிகழ்கிறது. மருத்துவமனைகளில் பயன்படும் வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையில் உப்புக் கலந்த கடத்துப் பசை இம்மாற்றத்தை எளிதாக்குகிறது; தோலின் உலர்ந்த மேலடுக்கையும் ஈரமாக்குகிறது. தோலைத் தேய்த்துப் பசையிட்டால் மின்மறிப்பை 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவர இயலும். ஆனால் பசை சில மணி நேரத்தில் உலரும். அருகருகே பரவினால் இரு முனைகள் ஒன்றாகிவிடும். வலிப்பு நோயாளியை இல்லத்தில் நாட்கணக்கில் கண்காணிக்க இம்முறை பொருந்தாது.

உலர் மின்முனையும் அதன் இடர்களும்

உலர் மின்முனைகள் பல, சீப்பின் பற்களைப் போல மயிரை விலக்கித் தோலைத் தொடுகின்றன. பசை இல்லாமையால் மின்மறிப்பு நூற்றுக்கணக்கான கிலோ ஓம் வரை உயரக்கூடும். இது மட்டுமே பெருந்தடையன்று. உள்ளீட்டு மின்மறிப்பு மிகுந்த பெருக்கியை மின்முனையின் மேலேயே பொருத்தினால் குறிகை இழப்பு மிகக் குறையும். முனைக்கு முனை மின்மறிப்பு வேறுபடுவதே தொல்லை: 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கல் இரைச்சல் இரு முனைகளிலும் ஒருசேர நுழைந்தாலும் முழுமையாகக் கழிவதில்லை.

அதனினும் கடியது அசைவு. முனை சற்றே நழுவும்போது தோன்றும் மின்னழுத்தம் மூளை அலையைவிடப் பன்மடங்கு பெரிதாகலாம். அது 0.5 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையுள்ள டெல்டா அலைகளின் எல்லைக்குள்ளேயே அமையும்போது வடிகட்டியால் பிரித்தல் அரிது. அழுத்தத்தைக் கூட்டினால் அசைவு குறையும்; வலி மிகும். அணிகருவிகள் பல, மயிரற்ற நெற்றியை நாடுவதற்கு இதுவே காரணம். ஆயினும் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பு நெற்றி முனையில் தெரியாமலே போகலாம். ஆதலால் கருவியொன்றை மதிப்பிடும்போது முனைகள் எத்தனை என்பதைவிட எங்குள்ளன என்பதையே முதலில் வினவ வேண்டும்.

கூந்தல் என்னும் மாறி

தடித்த சுருள் கூந்தலில் முனைகள் தோலைச் சேர்வதில்லை. அத்தகையோரின் தரவுகள் ஆய்வுகளிலிருந்து விலக்கப்படவும் நேர்கிறது. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் இதற்கொரு வழி காட்டினர். கூந்தலை வரிவரியாகத் தலையோடு ஒட்டிப் பின்னி, அப்பின்னல்களுக்கிடையே கவ்வி நிற்கும் மின்முனைப் பிடிகளை அவர்கள் வடிவமைத்தனர். உலர் முனைக்கு வேண்டிய நிலையான அழுத்தமும் இவ்வகையில் பின்னலிலிருந்தே கிடைக்கக்கூடும்.