கட்சி அட்டை வேணுங்களா?

பெரியநாயக்கன்பாளையத்துல புதுசா இயற்கை விவசாயத்துக்கு வந்த தம்பி ஒருத்தர் கேட்டார்: “ஏனுங்ணா, எலெக்சனுக்கு முன்னாடி ஏதாச்சும் ஒரு கட்சியில சேர்ந்துக்கோணுங்களா?”

வேண்டியதே இல்லீங்க. 18 வயசு நிறைஞ்சு, வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் போதும். அமெரிக்காவில் சில மாநிலங்களில், கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் ஓட்டுப் போட அந்தக் கட்சிக்காரராகப் பதிந்திருக்க வேண்டும். நமக்கு அந்த வேலையே கிடையாது.

தேர்தலில் நிற்கவும் கட்சி வேண்டாம். 1996ல் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் சுயேச்சைகள்; நம்ம விவசாயிகள். குறையை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபம். வாக்குச்சீட்டு புத்தகமாகவே ஆகிப்போய், தேர்தலும் தள்ளிப்போனது. பிறகு சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாய் டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருத்தர் போதுமாம்! இது எந்த ஊர் நியாயமுங்க?

நாராயணசாமி நாயுடு 1972ல் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்தபோது அது சங்கம். எல்லாக் கட்சியும் காது கொடுக்க வேண்டியிருந்தது. 1982ல் அவரே கட்சி தொடங்கினார். அதன்பின் பத்தோடு பதினொன்றாகிப் போச்சு என்பது என் எண்ணம்.

பிடிச்ச கட்சியில சேருங்க, தப்பில்லை. அட்டை இல்லாட்டி மானியம் வராதுன்னு யாராச்சும் மிரட்டினா மட்டும் நம்பாதீங்க. பட்டியல்ல உங்க பேரும், வீட்டு அம்மிணி பேரும் இருக்குதான்னு இப்பவே பாருங்க. இல்லைன்னா படிவம் 6 எழுதிக் கொடுங்க.