பிள்ளைக்கு எந்த லாப்டாப்?

உறையூர்ப் பருத்திப் புடவை எடுக்கும்போது கரையை மட்டும் பார்த்தா பணத்தை நீட்டுகிறோம்? பிரித்து, நூலைத் தடவிப் பார்க்கிறோம் அல்லவா? பிள்ளைக்கு லாப்டாப் வாங்கவும் அதே கண்தான் வேண்டும்.

'இளைஞர்களுக்கென்றே' என்று விளம்பரம் வருகிறதே, எழுத்துப் பலகையில் வர்ண விளக்குகள் மின்னுகின்றனவே, அவற்றால் கணக்குப் பாடம் சுலபமாகிவிடாது. கூடுதல் விலையில் பெரும்பகுதி, விளையாட்டுகளை வேகமாக ஓட்டும் தனிச் சில்லுக்கே போகிறது. கனமும் அதிகம்; பாட்டரியும் சீக்கிரம் தீரும். வீடியோ, கட்டடக் கலை படிப்பவர்களுக்கு அது உபயோகப்படலாம்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அதன் நினைவகம் 2 ஜி.பி. தான். எத்தனையோ வீடுகளுக்கு அதுவே முதல் கம்ப்யூட்டர்!

இன்று 8 ஜி.பி. நினைவகமும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் பள்ளிப் பாடத்துக்கும் புரோகிராம் பழகவும் போதும். கட்டுரை எழுத லிப்ரே ஆபீஸ் காசில்லாமலே கிடைக்கிறது. உத்தரவாதம் எத்தனை வருஷம், திருச்சியிலேயே பழுது பார்ப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம், தாய்மார்களே! அண்ணனுக்கு வர்ண விளக்கு, தங்கைக்குப் பழைய போன் என்று பிரிக்காதீர்கள். சாதாரண லாப்டாப் ஒன்றை இருவரும் முறை வைத்துக்கொள்ளட்டும். மிச்சமாகும் சீட்டுப் பணம் அவளுடைய காலேஜ் சம்பளத்துக்கு ஆகுமே!