காந்தமும் சந்ததியும்

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிலும் காந்த சக்தி பரவி நிற்கிறது. டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் பாய்ந்த சமயம் அருகிலிருந்த திசைகாட்டியின் முள் திரும்பியதைக் கண்டு, 1820-ம் வருஷத்தில் இவ்வுண்மையை உலகுக்கு அறிவித்தார். அன்று விந்தையாயிருந்த அச்சக்தி இன்று நம் கூடத்திலும் சமையலறையிலும் படுக்கையறையிலும் குடிபுகுந்துவிட்டது. அது ஆடவரின் சந்தான பாக்கியத்தைக் கெடுக்குமோ என்ற கவலை சில குடும்பங்களில் எழுவது இயல்பே. ஆராய்ச்சிசாலையில் பிராணிகளிடம் கண்டது யாது என்று பார்ப்போம்.

காந்தப் புலத்தை டெஸ்லா என்ற அளவையால் கணக்கிடுகிறார்கள். அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. பூமியின் காந்தப் புலம் ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருக்கும். ஆனால் பூமியின் காந்தம் நிலையானது. வீட்டு மின்சாரத்தால் உண்டாவதோ, வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக மாறுவது.

ஜோர்டான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், இவ்வாறு மாறும் 25 மைக்ரோடெஸ்லா புலத்தில் ஆண் எலிகளை 90 நாள் வைத்திருந்து, பிறகு புலத்தில் வைக்கப்படாத பெண் எலிகளுடன் சேர்த்தார்கள். கருவுற்ற பெண் எலிகளின் தொகை குறைந்தது. புலத்தை நீக்கி 45 நாளும் 90 நாளும் சென்றபின் மீண்டும் சேர்த்துப் பார்த்தபோது, அக்குறை ஓரளவு நீங்கியிருந்தது. இது 2001-ல் வெளியான முடிவு. அடுத்த வருஷமே அக்குழுவினர் சுண்டெலிகளை அதே அளவுள்ள புலத்தில் வைத்துப் பார்த்தபோது, கருவளத்திற்கு யாதொரு குறையும் காணப்படவில்லை!

2004-ல் வெளியான கொரிய ஆராய்ச்சி வேறொன்று கூறிற்று. வினாடிக்கு 60 தடவை மாறும் 100, 500 மைக்ரோடெஸ்லா புலங்களில், இரவும் பகலும் எட்டு வாரம் சுண்டெலிகளை வைத்தார்கள். உடலின் எடையும் விரையின் எடையும் மாறவில்லை. ஆயினும் விரையினுள்ளே விந்தாக வளரவேண்டிய உயிரணுக்கள் கூடுதலாக மடிந்திருந்தன.

பிராணிக்குப் பிராணி முடிவு மாறுகையில், மனிதனைப் பற்றி எவ்வாறு தீர்ப்புக் கூறுவது? உலக சுகாதார ஸ்தாபனம் 2007-ல் இத்தகைய ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து, இனப்பெருக்கம் கெடும் என்று கொள்ளச் சான்று போதாது என்றே முடிவு கூறியது. தவிர, காந்தப் புலம் தூரத்தால் விரைவில் தேய்வது. மின்கருவியை ஒட்டிப் படுக்கையைப் போடாமல் இரண்டடி விலக்கிப் போடுவதற்குச் செலவொன்றுமில்லை. அதற்கு மேல் அஞ்சவேண்டுவதில்லை. அதுபோலவே, வீரியம் பெருகும் என்று கூறி விற்கப்படும் காந்தப் பட்டைகளிடமும் ஏமாறவேண்டுவதில்லை. மேற்கூறிய பரிசோதனைகளில் ஒன்றேனும் காந்தத்தால் வீரியம் பெருகிற்று என்று கூறவில்லை.

இனி, அந்த எலிகளிடமிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. காந்தப் புலத்தில் இருந்தவை ஆண் எலிகள். கருவுறாமல் நின்றவையோ, அதன் அருகிலும் செல்லாத பெண் எலிகள். குறை ஓரிடம், அது வெளிப்பட்டது வேறிடம். நம் வீடுகளில் மகப்பேறு தாமதித்தால், ஆடவனைப் பரிசோதிக்காமலே மருமகள்மீது பழி சுமத்துகிறோம். அவள் நோன்பிருக்கிறாள், மருந்துண்கிறாள், ஏச்சும் கேட்கிறாள். விஞ்ஞானம் வளர்ந்த நாட்டில் இவ்வநீதி நீடிப்பது நமக்குப் பெருமையாகாது. வைத்தியரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லட்டும். முதற் பரிசோதனைக்குக் கணவன் முன்வரட்டும். பெண்மக்களின் கண்ணீரைத் துடைக்க இதைவிட எளிய வழி வேறில்லை.