ஒரு சாண் மண்மேல் ஓர் இரவு

நைஃப் ஏரிக்குச் சாலை கிடையாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கோடு ஊடே ஓடும் ஏரி அது. ஈலி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மூஸ் ஏரியில் படகை இறக்கி, ஏரி மாற்றி ஏரியாகத் துடுப்பு போட வேண்டும். இடையில் ஐந்து இடங்களில் படகைக் கரையேற்றித் தோளில் சுமந்து நடக்க வேண்டும். ஏறக்குறைய 15 மைல் இப்படிப் போனால், பைன் மரங்கள் நிற்கும் தீவுகள் தெரிய ஆரம்பிக்கும்.

பொழுது சாய்வதற்குள் முகாமிடம் ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகக் குறித்திருப்பார்கள். கரையேறிப் பார்த்தால் தரையில் பதித்த ஓர் இரும்புக் கம்பித் தட்டு இருக்கும், சமையல் அதில்தான். மரங்களுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால், சுவரும் கூரையும் இல்லாத ஒரு குழிக் கழிப்பிடம். கூடாரம் அடிக்க இரண்டு மூன்று சமதரைகள். குழாய், விளக்கு, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது.

ஒன்றுமே செய்யாமல் அப்படியே விட்டுவைத்த இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தக் கம்பித் தட்டுக்கும் அந்தக் குழிக்கும் பின்னால் அறுபது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. அத்தனையும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: பாறைமேல் ஒரு சாண் மண்தான் இருக்கிறது, அதன்மேல் எத்தனை பேர் படுத்து எழலாம்?

இந்தக் காட்டுக்கு ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்று பெயர். சுமார் 11 லட்சம் ஏக்கர், ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஏரிகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகாமிடங்கள். 1964இல் வந்த அமெரிக்கக் காட்டுநிலச் சட்டத்தின்கீழ் காக்கப்பட்டு, 1978இல் தனக்கென்றே ஒரு சட்டமும் பெற்றது. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகு ஓட்டக்கூடாது. ஒரு குழுவில் ஒன்பது பேர், நான்கு படகு. அதற்கு மேல் அனுமதி இல்லை. கோடைக்காலத்தில் ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை குழு என்று கணக்கு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் க்வெட்டிக்கோ பூங்கா, இதேபோல ஏரியும் பாறையுமாகத் தொடர்கிறது.

இங்கே போக ஏற்ற வண்டி கேனோ எனும் ஒடுங்கிய துடுப்புப் படகு. இந்த மண்ணின் ஓஜிப்வே மக்கள் அதைத் தங்கள் கையால் கட்டினார்கள். பிர்ச் மரத்தின் பட்டையை உரித்து, அதன் வெள்ளைப் புறம் படகுக்குள்ளே வரும்படி மடித்து, சீடார் மரத்தில் விலா எலும்புகள் வைத்து, ஸ்ப்ரூஸ் மரத்தின் வேரால் தைத்து, அந்த மரத்துப் பிசினாலேயே மூட்டுகளை அடைத்தார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. எங்கே உடைந்தாலும் பழுது பார்க்க வேண்டிய பொருள் கரையிலேயே வளர்ந்து நின்றது. இன்று பலரும் எடுத்துப் போவது கெவ்லார் படகு. 1965இல் டியூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி க்வோலெக் கண்டுபிடித்த இழை அது. குண்டு துளைக்காத உடையில் இருப்பதும் அதுதான். இருவர் போகும் படகே 20 கிலோ வாக்கில்தான் இருக்கும். படகின் நடுவே குறுக்காக ஒரு நுகத்தடி. படகைக் கவிழ்த்து அதைத் தோளில் ஏற்றிக்கொண்டால் ஒரே ஆள் நடந்துவிடலாம்.

அப்படி நடக்கும் ஒற்றையடிப் பாதையைப் பிரெஞ்சுச் சொல்லால் ‘போர்ட்டேஜ்’ என்கிறார்கள். அதன் நீளத்தை இன்றும் மீட்டரில் சொல்வதில்லை. ‘ராட்’ கணக்கில்தான் சொல்கிறார்கள். ஒரு ராட் என்பது பதினாறரை அடி. நம் ஊரில் நிலம் அளந்த கோலைப்போல அதுவும் ஓர் அளவுகோல்தான். ஏறக்குறைய ஒரு படகு நீளம் இருப்பதால் இந்தக் காட்டில் நிலைத்துவிட்டது. மென்மயிர் வணிகக் காலத்தில் கூலிக்குத் துடுப்புப் போட்டவர்கள் தலைக்கு 90 பவுண்டு மூட்டை இரண்டைச் சேர்த்துச் சுமந்தார்கள். எண்பது கிலோவுக்கு மேல்! அந்தப் பாதைகளில்தான் இன்றைக்கும் நடக்கிறார்கள்.

கரைப்பாறைக்கு வருவோம். கனடியக் கேடயம் எனப்படும் பழம்பாறைப் படுகையின் தென் ஓரம் இது. இந்தப் பகுதிப் பாறைகள் பலவற்றின் வயது சுமார் 270 கோடி ஆண்டு. நைஃப் ஏரிக் கரையில் கிடைக்கும் நுண்மணல் பாறை இறுகிக் கண்ணாடிபோல் உடையும். விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருக்கும். ஆதிமனிதர்கள் இங்கே கல் எடுத்துக் கருவி செய்திருக்கிறார்கள். கத்தி என்று பொருள்படும் ஏரியின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். கடைசிப் பனியூழியில், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனிப்பாளம் இந்த நிலத்தின்மேல் நகர்ந்து, இருந்த மண்ணையெல்லாம் வழித்துத் தெற்கே கொண்டுபோய்விட்டது. மென்மையான பாறையைக் குடைந்தெடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. அவைதான் இந்த ஏரிகள். பனி இழுத்துப்போன கற்களின் கீறல் கரைப்பாறைகளில் இன்னும் அப்படியே இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்கலாம்.

பனி விலகிப் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகிறது. மண் உருவாவதற்கு அது சொற்பக் காலம். குளிர் நாட்டில் இலை மக்க நாளாகும். ஊசியிலையோ இன்னும் மெதுவாக மக்கும். கற்பாசி, பாசி, பிறகு ஸ்ப்ரூஸும் பைனும் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த மண் பல இடங்களில் ஒரு சாண்கூட இல்லை. 1999 ஜூலை 4ஆம் தேதி மணிக்கு 90 மைலுக்கு மேல் வீசிய புயற்காற்றில் லட்சக்கணக்கான ஏக்கர் காடு சாய்ந்தது. இங்கே வேரோடு விழும் மரத்தைப் பார்க்க வேண்டும். வேர்கள் ஒரு பாயைச் சுருட்டாமல் தூக்கி நிறுத்தியதுபோலத் தட்டையாக எழும்பி நிற்கும். அடியில் வெறும் பாறை தெரியும்.

அந்தப் பாயின்மேல்தான் நாம் கூடாரம் அடிக்கிறோம்.

சிட்னி ஃப்ரிசெல், டொனால்ட் டங்கன் என்ற இரு வனவியலாளர்கள் இந்த ஏரிநாட்டின் முகாமிடங்களை ஆராய்ந்து 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிகம் பேர் தங்கும் இடம் அதிகமாகவும், குறைவாகத் தங்கும் இடம் குறைவாகவும் கெட்டிருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஆனால் அபூர்வமாக ஆள் வரும் இடங்களில்கூடத் தரைச்செடிகளில் பெரும்பகுதி அழிந்திருந்தது. பிறகு லாரன்ஸ் மெரியமும் அவரோடு பணிபுரிந்தவர்களும், புதிதாகத் திறந்த முகாமிடங்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கெட வேண்டியதில் பெரும்பங்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே கெட்டுவிட்டது. அதற்குப் பின் வேகம் தணிந்தது.

காரணம் காலடியில் இருக்கிறது. நல்ல மண்ணில் காற்றும் நீரும் நிற்கும் நுண்துளைகள் ஏராளம். பஞ்சுபோன்ற மேல்மண்ணில் மனிதர் நடமாடினால் முதலில் நசுங்குவது அந்தத் துளைகள்தான். அதன்பின் மழைநீர் உள்ளே இறங்காது; வேருக்குக் காற்றும் போகாது. பாசியும் பூண்டும் செத்தபின் மழைத்துளி நேராக மண்ணில் அடிக்கிறது. அடித்த மண் ஏரிக்குப் போகிறது. வேர்கள் நரம்புபோல வெளியே தெரிகின்றன. முதல் சில பத்து இரவுகளில் நடந்து முடிகிற வேலை இது. நசுங்கிய மண்ணை மறுபடி மறுபடி மிதித்தால் கூடும் சேதம் கொஞ்சம்தான்.

எனவே, ‘ஒரே இடத்தைக் கெடுக்க வேண்டாம், பரவலாகத் தங்குவோம்’ என்ற நம் நல்லெண்ணம் இந்தக் காட்டுக்குக் கேடாக முடியும். பத்துக் குழு பத்து இடத்தில் படுத்தால் பத்து இடமும் கெடும். ஒரே இடத்தில் படுத்தால் கெடுவது அந்த ஒன்று மட்டும். அதனால்தான் குறித்துவைத்த இடத்தில் மட்டுமே தங்கவேண்டும் என்கிறது விதி. அந்த இரும்புத் தட்டு, ‘கெட்டது இங்கேயே நிற்கட்டும்’ என்று தரையில் அடித்துவைத்த முளை. இதைப் படித்தபோது என் மனம் கொஞ்சம் கனத்தது. காட்டை நேசித்துப் போகிறவரின் மெல்லிய காலடிக்கும் அதே எடைதான் என்கிறது கணக்கு.

கழிப்பிடக் குழியும் இதே கணக்கில் வந்ததுதான். ஆளுக்கொரு சிறு குழி தோண்டிப் புதைத்தால் போதாதா? மொன்டானா மாநிலத்து மலைப்பகுதியில் 1980களின் தொடக்கத்தில் அப்படிப் புதைத்துச் சோதித்தபோது, ஓராண்டு கழிந்தும் நோய்க்கிருமிகள் உயிரோடு இருந்தன. குளிர்ந்த மண்ணில் சிதைவு அவ்வளவு மெதுவாக நடக்கிறது.

ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். கீழே உள்ள பாறை எளிதில் கரையாது. மேலே மண்ணும் குறைவு. பாசி வளரத் தேவையான பாஸ்பரஸ் தண்ணீரில் மிகக் கொஞ்சமே இருக்கிறது. கொஞ்சமே இருக்கும் இடத்தில் கொஞ்சம் சேர்ந்தாலும் விளைவு பெரிது. கரையிலிருந்து 150 அடி தள்ளிப் போய்த்தான் பாத்திரம் கழுவ வேண்டும் என்ற விதி இதனால்தான். ‘மக்கும் சோப்பு’ என்றாலும் அது மக்க மண்ணும் மண்ணின் நுண்ணுயிர்களும் வேண்டும். அந்த ஒரு சாண் மண்தான் சல்லடை. தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே அள்ளிக் குடிக்கவும் கூடாது. நீர்நாயைப்போல நீரில் வாழும் பீவர் முதலான விலங்குகள் வழியே வரும் ஜியார்டியா என்ற ஒற்றைச்செல் உயிரி வயிற்றைக் கலக்கிவிடும். கொதிக்கவைத்தால் செத்துவிடும்.

ஜூலையில் ஆழமான இடத்தில் மூழ்கிப் பார்த்தால் தோளருகே வெதுவெதுப்பாக இருக்கும் நீர், கொஞ்சம் கீழே போனதும் காலைக் கவ்வுகிறாற்போல் குளிரும். நீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். கோடையில் சூடான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கிவிடும், இரண்டும் கலக்காது. அடிநீர் தன் மூச்சுக்கான ஆக்சிஜனை வசந்தத்தில் ஒருமுறை, இலையுதிர் காலத்தில் ஒருமுறை, ஏரி முழுதும் புரளும்போதுதான் பெறுகிறது. அதை வைத்துத்தான் ஏரி ட்ரவுட் மீன் கோடை முழுக்க அடியாழத்தில் காலம் தள்ள வேண்டும். மேலிருந்து பாசியும் அழுக்கும் இறங்கி மக்கினால், சேமித்த ஆக்சிஜன் அதற்கே செலவாகிவிடும். கரையில் கொட்டிய சோப்பு நீருக்கும் இருபது மீட்டர் ஆழத்து மீனின் மூச்சுக்கும் உள்ள தொடர்பு இது.

நைஃப் ஏரியில் ஒரு பெண்மணி அரை நூற்றாண்டு வாழ்ந்தார். சிகாகோவில் செவிலியர் படிப்பு முடித்து வந்த டோரதி மோல்ட்டர். 1949இல் அதிபர் ட்ரூமன் இந்தக் காட்டின்மேல் தாழப் பறக்கத் தடை விதித்தார். அதன்பின் விமானத்தில் சோடா பாட்டில்கள் வருவது நின்றுபோக, அவரே ரூட் பியர் என்ற இனிப்புப் பானம் காய்ச்சி, மாரியில் ஏரியிலிருந்து வெட்டிச் சேமித்த பனிக்கட்டியில் குளிரவைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1986இல் அவர் இறந்தபின், அவருடைய மரக்குடில்களைப் பிரித்து ஈலிக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகமாக்கினார்கள். அதன்பின் பவுண்டரி வாட்டர்ஸில் நிரந்தரமாகக் குடியிருக்க யாருக்கும் இடமில்லை.

இருட்டியதும் லூன் பறவை கூவும். ஓநாயின் ஊளைபோல நீண்டு, ஒரு கரையில் எழுந்து மறுகரையில் மோதித் திரும்பும் குரல். பெரும்பாலான பறவைகளுக்கு எலும்பில் காற்றறைகள் உண்டு. லூனுக்குப் பல எலும்புகள் கெட்டியானவை. அதனால்தான் அது ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்கிறது. அதே கனத்தால் நீரின்மேல் நெடுந்தூரம் ஓடித்தான் பறக்க எழுகிறது. மேலே வானம் கறுப்பு. 2020இல் இந்தக் காடு சர்வதேச இருள்வானச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உணவு மூட்டையைக் கரடிக்கு எட்டாமல் கட்டித் தொங்கவிட்டபின் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான் பாக்கி.

தீயை அணைக்க வேண்டும். இந்தக் காட்டுக்குத் தீ புதிதல்ல. மைரன் ஹைன்செல்மன் என்ற சூழலியலாளர் மர வளையங்களில் தீத்தழும்புகளைத் தேடித் தேடி எண்ணி, பல நூற்றாண்டுத் தீ வரலாற்றை 1973இல் எழுதினார். ஜாக் பைன் மரத்தின் காய்கள் பிசினால் மூடிக் கிடக்கும். தீச்சூட்டில் பிசின் உருகினால்தான் பல காய்கள் விதையைக் கொட்டும். ஆனால் முகாம்தீக்கு வேறொரு வழி உண்டு. மக்காத ஊசியிலைகளும் வேர்களும் பின்னிய மண் தானே எரியும். மேலே அணைந்ததுபோல் காட்டி, அடியில் நாட்கணக்கில் புகைந்து, வேர்வழி நகர்ந்து, ஆட்கள் போனபின் வேறோரிடத்தில் தலைதூக்கும்.

ஆகவே புறப்படும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், மறுபடி ஊற்ற வேண்டும். பிறகு சாம்பலுக்குள் வெறுங்கையை மெல்லக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். துளி வெதுவெதுப்பு இருந்தாலும், ஏரிக்கு நடந்து இன்னொரு பானைத் தண்ணீர்.