கேபிள் எங்கே சுடுகிறது?

எங்கள் தெருவில் ஒரு பழைய டீசல் அம்பாசிடர் நிற்கிறது. அடி அண்ணாமலையில் ராத்திரி நேரத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியலைன்னா, திருவண்ணாமலை டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக முதலில் தட்டுகிற கதவு அந்த வண்டிக்கார அண்ணன் வீட்டுக் கதவுதான். ஆறு மாசமாக அவர் வண்டியை இறக்கம் பார்த்துத்தான் நிறுத்திக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் முனகும், இன்ஜின் ரெண்டு சுத்து சோம்பலாகச் சுத்தும், அவ்வளவுதான். உருட்டி விட்டால் உடனே பிடித்துக்கொள்ளும்.

"இதுக்குள்ள ரெண்டு பேட்டரி மாத்திட்டேன் தம்பி. இப்போ மூணாவது வாங்கச் சொல்றாங்க. கேபிள் வேற தொட முடியாத அளவுக்குச் சுடுது. இன்னா பண்றது?" என்றார்.

உருட்டினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றால் டீசல் லைனில் கோளாறு இல்லை. கேபிள் சுடுகிறது என்றால் பேட்டரியிலிருந்து கரண்ட் நன்றாகவே கிளம்புகிறது. செத்த பேட்டரிக்கு கேபிளைச் சுட வைக்கிற தெம்பு இருக்காது. அப்படியானால் போகிற வழியில்தான் எங்கோ வீணாகிறது. எங்கே என்பதைச் சூடே காட்டிக் கொடுக்கும்.

சின்ன கணக்கு

செல்ஃப் மோட்டார் சுத்துகிற சில வினாடிகளில் 150, 200 ஆம்பியர் இழுப்பது சாதாரணம். டீசல் வண்டியில் இதற்கு மேலும் போகும். இவ்வளவு கரண்ட் ஓடுகிற பாதையில் மிகச் சிறிய தடையும் பெரிய விஷயம்.

35 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல செம்பு கேபிள் ஒரு மீட்டருக்கு 0.0005 ஓம்தான் தடை. 200 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட் இழப்பு, 20 வாட் சூடு. அது கேபிள் முழுக்கப் பரவுவதால் கையில் லேசாகத்தான் தெரியும். அதே பாதையில் துருப்பிடித்த ஒரு லக், 0.005 ஓம் தடையோடு இருக்கிறது என்று வையுங்கள். 1 வோல்ட் அங்கேயே போய்விடும், 200 வாட் சூடு கிளம்பும். ரேடியோ மெக்கானிக் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். எட்டு சால்டரிங் அயர்னை ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் வைத்த மாதிரி. ரப்பர் உருகுவதும், சில வண்டிகள் தீப்பிடிப்பதும் இப்படித்தான்.

மோட்டாருக்கோ 12 வோல்ட்டுக்குப் பதிலாக 8, 9 வோல்ட்தான் போய்ச் சேரும். டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பல மடங்கு அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுத்தினால் அமுங்கிய காற்று பிஸ்டன் ஓரமாகக் கசிந்துவிடும், சூடும் சிலிண்டர் சுவரில் போய்விடும். அதனால்தான் மெதுவாகச் சுத்தினாலும் சில பெட்ரோல் வண்டிகள் பிடித்துவிடும், டீசல் பிடிக்காது.

சூடு எங்கே?

செல்ஃப் அடித்த உடனே பார்க்க வேண்டும். முதலில் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள், சட்டென்று பிடிக்காதீர்கள்.

ஒரு முனை மட்டும் சுட்டால் அந்த இணைப்புதான் குற்றவாளி. கிளாம்ப் லூஸ், உள்ளே பச்சை பூத்திருக்கிறது, அல்லது லக்கைச் சரியாக அழுத்தவில்லை.

கேபிள் முழுநீளமும் சுட்டால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, கேபிள் மெல்லியது. மேலே தடித்த பிளாஸ்டிக், உள்ளே கொஞ்சம் செம்பு, இப்படியும் விற்கிறார்கள். இன்னொன்று, செல்ஃப் மோட்டாரே அளவுக்கு மீறி இழுக்கிறது. புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உள்ளே உரசினால் மோட்டார் வேகம் குறையும். இந்த வகை மோட்டாரில் வேகம் குறையக் குறைய கரண்ட் ஏறும். அப்போது மோட்டாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஆக்சிலேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சூடானால் எர்த் போய்விட்டது என்று அர்த்தம். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடிக்கும் அதற்கும் நடுவே உள்ள எர்த் பட்டை கெட்டால், கரண்ட் திரும்பிப் போக இந்த மெல்லிய கேபிள்களைப் பிடித்துக்கொள்ளும்.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

வண்டியை நிறுத்தி வைத்து, மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் கேட்டு கேபிள் நல்லது என்று முடிவு பண்ணாதீர்கள். நூறு இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் பீப் அடிக்கும். 0.005 ஓமைச் சாதாரண மீட்டரால் அளக்கவும் முடியாது. கரண்ட் ஓடும்போது எங்கே எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டீசல் வண்டியில் ஸ்டாப் நாபை இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் பிடிக்காது, சுத்த மட்டும் செய்யும். ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் டிசி 20 வோல்ட் அளவில் பார்க்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து வினாடி போதும். நடுவில் ஒரு நிமிஷம் ஆற விடுங்கள்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே. கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வைக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 12.6 இருந்தால் முழு சார்ஜ். சுத்தும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். அடுத்து பேட்டரி பிளஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே: 0.5க்குள் இருக்க வேண்டும். கடைசியாக மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்புக்கும் நடுவே: 0.3க்குள். எது அதிகமோ அந்தப் பக்கம் ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போனால் இடம் சிக்கிவிடும்.

அண்ணன் வண்டியில் சுத்தும்போது பேட்டரி 10.8. பேட்டரி நல்லாவே இருந்தது. பிளஸ் பக்கம் 0.4, அதுவும் சரி. மைனஸ் பக்கம் 2.5! மோட்டாருக்குக் கிடைத்தது 7.9தான். ஜம்பர் கேபிளால் மைனஸ் முனையையும் இன்ஜின் பிளாக்கையும் நேராக இணைத்துப் பார்த்தோம். விருட்டென்று சுத்தியது.

மைனஸ் கேபிள் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றினால் லக்குக்கு அடியில் பளபளவென்று பெயின்ட். ஆறு மாசத்துக்கு முன்னால் டிங்கரிங், பெயின்டிங் வேலை நடந்தபோது அந்த இடத்தையும் சேர்த்து அடித்து, அதன் மேலேயே லக்கை முடுக்கியிருக்கிறார்கள். பெயின்ட் கரண்ட் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் ஏதோ போய்க்கொண்டிருந்தது. 150 ஆம்பியர் என்று குறைத்து வைத்தாலும் அங்கே 375 வாட் சூடு.

மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றினோம், பிளஸ் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும் என்பதால். மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றியாச்சு. பக்கத்தில் பீடி கூடாது, பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கையும் தேய்த்து, இறுக்கி முடுக்கி, மேலே வாசலின் தடவினோம். மைனஸைக் கடைசியாக மாட்டினோம். திரும்ப அளந்தால் 0.2. செலவு, உப்புத்தாள் ஒண்ணு.

"அப்போ அந்த ரெண்டு பேட்டரியும் நல்லாத்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார் அண்ணன். இருந்திருக்கும் என்றுதான் சொல்ல முடிந்தது. ரெண்டையும் எக்சேஞ்சில் கொடுத்துவிட்டிருந்தார். வண்டி இப்போது சாவியைத் தொட்டாலே எடுக்கிறது. ஆனால் இன்னும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துகிறார். "ராத்திரி எவனாவது வந்து கதவைத் தட்டுவான் தம்பி, எதுக்கு வம்பு" என்கிறார்.