தோட்டத்தில் முதல் வருஷம்: உரிமைகளும் அபாயங்களும் பரிகாரங்களும்

நகரத்தில் மாதச் சம்பளத்தில் ஜீவித்துவந்த ஓர் இளம் தம்பதி, தங்கள் குழந்தைகள் மண்ணையும் மாட்டையும் அறிந்து வளரவேண்டும் என்ற ஆசையினால், புதுச்சேரியின் வில்லியனூர் அல்லது பாகூர் கொம்யூனில் அரைக் காணியோ ஒரு காணியோ வாங்கி, சிறு வீடும் கொட்டகையுமாகக் குடியேறுவது வரவேற்கத்தக்க ஒரு காரியம். கல்விக்கும் கழனிக்கும் பகைமை இல்லை என்பதற்குப் பாகூரே பழமையான சாட்சி. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் இவ்வூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. நம் காலத்திலும், வில்லியனூரை அடுத்த கூடப்பாக்கத்தில் கனகாம்பரத்தில் புதிய ரகங்களை உண்டாக்கிய விவசாயி வெங்கடபதி 2012-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

ஆனால் ஆசை மட்டும் நிலத்தைக் காப்பாற்றாது, குடும்பத்தையும் காப்பாற்றாது. விதைப்புக்கு ஒரு பருவம் இருப்பதுபோலவே சட்டம் தரும் ஒவ்வோர் உரிமைக்கும், வைத்தியம் தரும் ஒவ்வொரு பரிகாரத்துக்கும் ஒரு காலம் உண்டு. சிலவற்றுக்கு அது வருஷக் கணக்கு. சிலவற்றுக்கு மணிக் கணக்கு. முதல் வருஷத்தில் புதுக் குடித்தனக்காரர்கள் கற்கவேண்டியவற்றுள் தலையாயது இந்தக் கால அளவுகளே என்பது என் உறுதியான கருத்து.

நிலம் வாங்குமுன்

நம் கிராமங்களில் நிலத்தை இன்றும் குழிக் கணக்கில் பேசுகிறார்கள். இங்கே ஒரு குழி என்பது 576 சதுர அடி; நூறு குழி ஒரு காணி; அது ஏறக்குறைய 1.32 ஏக்கர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பழக்கமான சென்ட்டோ 435.6 சதுர அடி. பட்டாவில் எழுதியிருப்பதோ ஹெக்டேர், ஆர், சென்டியார். ஆகவே விற்பவர் ஒரு காணி என்று சொன்னால் பட்டாவில் ஏறக்குறைய 53 ஆர் 50 சென்டியார் இருக்கவேண்டும். 48 ஆர் என்று இருந்தால், பத்துக் குழி நிலத்துக்கு வீணாகப் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். அரசின் 'நிலமகள்' இணையதளத்தில் பட்டாவைப் பார்த்துக்கொள்வதுடன் நில்லாமல், சர்வேயரைக் கொண்டு அளந்து, எல்லைக் கற்களைக் கண்ணால் கண்ட பிறகே முன்பணம் கொடுக்கவேண்டும்.

அடுத்தது வில்லங்கச் சான்று. சார் பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பெறும்போது குறைந்தது முப்பது வருஷத்துக்குக் கேட்பது நலம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் முடிவுற்றதெனினும், அக்காலத்து நோட்டேர் பத்திரங்கள் பல குடும்பங்களின் உரிமைக்கு இன்னும் மூல ஆதாரமாக இருக்கின்றன. பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட முன்னோர்களின் வம்சத்தில் வாரிசுரிமை வேறு முறையில் செல்லக்கூடும் என்பதால், அத்தகைய சொத்தை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் வாங்கலாகாது. குடும்பத்தில் ஒருவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராக இருந்தால் இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும்: வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் அட்டை உள்ளவரும், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும், அந்நியச் செலாவணி விதிகளின்படி வீடு வாங்கலாமே தவிர, விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ வாங்க இயலாது, வாரிசாக அடைவது மட்டும் வேறு விஷயம். இந்த விதியை அறியாமல், பாரீஸில் இருக்கும் அண்ணன் பேரில் பாகூரில் நஞ்சை வாங்குவது பிற்காலத்தில் பெரும் சங்கடத்துக்கு வித்திடும்.

'பவர்' பத்திரத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது மற்றோர் அபாயம். பொது அதிகாரப் பத்திரத்தாலோ வெறும் கிரய ஒப்பந்தத்தாலோ சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யவேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் விதி. நிலத்தில் வேறொருவர் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தால், 1970-ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் துணை நிற்கிறது. சொந்தக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக மட்டும் அவரை வெளியேற்ற முடியாது. அது நியாயமான சட்டமே. வாங்குகிறவர் அதை முன்கூட்டி அறிந்திருப்பதே இரு தரப்புக்கும் நல்லது. ஏரிப் புறம்போக்கையும் வாய்க்கால் கரையையும் சேர்த்து வேலி போட்டுக் காட்டுகிறவரிடம் வாங்கவே கூடாது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் போன்றவை ஊர் முழுவதற்கும் சொந்தமானவை. அவற்றில் ஒரு முழத்தை அடைத்தாலும் கீழ்மடைக்காரனின் வயிற்றில் அடித்ததாகும்.

கிணறும் மோட்டாரும் குழந்தைகளும்

போர் போடுவதற்கு 2002-ஆம் ஆண்டின் புதுச்சேரி நிலத்தடி நீர்ச் சட்டப்படி நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி அவசியம். இதை வெறும் காகிதத் தொல்லை என்று கருதுவது தவறு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல் நீர் உள்ளே புகுந்து, நம் கிணற்றோடு அண்டை வீட்டாரின் கிணற்றையும் உப்பாக்கிவிடும். ஒருமுறை உப்பான நீரைத் திருத்துவது ஒரு தலைமுறைக்கும் எளிதன்று.

கைவிட்ட போர்க்குழியின் அபாயத்தைத் தமிழ்நாடே கண்ணீரோடு அறியும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று விழுந்து இறந்தபோது, உச்ச நீதிமன்றம் 2010-லேயே விதித்திருந்த பாதுகாப்பு நெறிகள் எத்தனை இடங்களில் வெறும் எழுத்தாகவே கிடந்தன என்பது வெளிப்பட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவித்தல், சுற்றிலும் முள்வேலி, அறிவிப்புப் பலகை, குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை, வாயை இரும்புத் தகட்டால் மூடுதல், கைவிட்ட குழியைக் களிமண்ணும் மணலும் கல்லும் கொண்டு தரைமட்டம்வரை தூர்த்தல் ஆகியவை அந்நெறிகள். நீங்கள் வாங்கிய நிலத்தில் பழைய சொந்தக்காரர் விட்டுச்சென்ற குழி இருந்தாலும், இனி அதன் பொறுப்பு உங்களுடையது. குடியேறிய முதல் வாரத்திலேயே நிலத்தை மூலைக்கு மூலை நடந்து பார்த்து, குழி, கிணறு, பண்ணைக்குட்டை ஒவ்வொன்றுக்கும் தடுப்பு அமைக்கவேண்டும். மோட்டார் கொட்டகையில் மண் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிப்பதும், மின்கசிவு ஏற்பட்டவுடன் தானே துண்டிக்கும் கருவியைப் பொருத்துவதும் அதே வாரத்துக் கடமைகள். வேலியில் மின்சாரத்தை நேராகப் பாய்ச்சுவதோ குற்றம். அடுத்தவர் மாடோ மனிதரோ அதில் மாண்டால் அது சிறைக்கும் இட்டுச்செல்லும். பயிரை மேயும் மயிலுக்கு விஷம் வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி கடுந்தண்டனைக்கு உரியது.

விஷமும் வியாதியும்

பாம்பு விஷயத்தில் நகரத்தார் அஞ்சுவது மிகுதி, அறிந்தது குறைவு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே நம் நாட்டில் பெரும்பாலான மரணங்களுக்குக் காரணம். இவற்றுள் கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் வீக்கமும் சொற்பமாக இருப்பதால், விடியற்காலையில் வயிற்றுவலி என்றும் கண் இமை சொருகுகிறது என்றும் சொல்லும் குழந்தைக்குப் பாம்பு கடித்திருக்கும் என்று பெற்றோருக்குத் தோன்றுவதே இல்லை. கட்டிலில், கொசுவலையின் விளிம்பைப் பாயின் அடியில் செருகிப் படுப்பதும், இரவில் டார்ச்சு விளக்கின்றி இறங்காதிருப்பதும், களத்தில் பூட்ஸ் அணிவதும் செலவில்லாக் காப்புகள். கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள்; கடிபட்ட அங்கத்தை எலும்பு முறிந்ததற்கு வைத்துக் கட்டுவதுபோல் அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கோரிமேட்டு ஜிப்மரும், கதிர்காமத்து இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. இங்கே தரப்படும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு வகைக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தை எடுத்துத் தருகிறவர்களுள் முக்கியமானவர்கள், மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் இருளர் மக்கள் என்பதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவியபின் அன்றைக்கே ஊசியைத் தொடங்கவேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு அதற்குப் பரிகாரம் இல்லை. சேற்றில் இறங்கும் காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் விடாத காய்ச்சலோடு உடம்பில் கருகிய சிறு புண் காணப்பட்டால், அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். 'வயலில் வேலை செய்கிறோம்' என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்ல மறவாதீர்கள். புதிதாக வாங்கிய மாட்டை மற்றவற்றோடு கலக்காமல் சில வாரம் தனியே கட்டி, கோமாரித் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டறிந்து, பாலைக் காய்ச்சாமல் குழந்தைகளுக்குக் கொடுக்காதிருங்கள். குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பது இப்பகுதிக்குக் கிடைத்த பாக்கியம்.

பூச்சிமருந்து டப்பாவில் ஒட்டிய சீட்டில் ஒரு சாய்சதுரமும் அதன் கீழ்ப் பாதியில் ஒரு நிறமும் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிறு தோட்டத்துக்குச் சிவப்பு மருந்து தேவையே இல்லை. எதுவாயினும் பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது கொலைக்குச் சமானம். மேலே பட்டுவிட்டால் துணியைக் களைந்து, சோப்பு நீரில் குளிப்பாட்டி, மருந்து டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையை நிர்ணயிப்பார்.

வெள்ளமும் நஷ்டமும்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. மழை ஓய்ந்த பிறகும் துன்பம் ஓயவில்லை. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர்ப் பகுதிக் கிராமங்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. புயலுக்குப் பிறகும் ஆறு வரும் என்பதும், மேட்டில் அணை திறந்த செய்தியைக் கேட்டவுடன் மாட்டை அவிழ்த்துவிடவேண்டும் என்பதும் அப்போது கற்ற பாடங்கள். அரசு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஆனால் பட்டாவில் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயர் இருந்தால், பயிர் விவரம் உழவர் உதவியகத்தில் பதிவாகாமல் இருந்தால், உங்கள் நஷ்டத்தை நீங்களே நிரூபிக்க அலையவேண்டியிருக்கும். ஆகவே கிரயம் முடிந்த கையோடு பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுப்பதும், சொர்ணவாரி, சம்பா, நவரை எனப் பருவந்தோறும் விதைத்ததை உதவியகத்தில் தெரிவிப்பதும், கெடு முடியுமுன் பயிர்க் காப்பீடு செய்வதும் கடமைகள். காப்பீடு செய்த பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும். தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்தால் உரிமையும் அதனுடன் வடிந்துவிடும்.

வாங்கிய விதை முளைக்காவிட்டால் விதியை நோவது வழக்கம். ஆனால் விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ரசீதும், பையும், அதிலுள்ள அடையாளச் சீட்டும், ஒரு பிடி மிச்ச விதையும் பத்திரமாக இருந்தால், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணில் முதலில் ஆலோசனையும் கேட்கலாம். நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண் அதற்கானது. அலுவலகத்தில் மனு கிடப்பில் கிடந்தால், தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கும் கேள்விக்கு முப்பது நாளில் பதில் வரவேண்டும். பயிரைப் பற்றிய ஐயத்துக்கோ 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையம் தமிழிலேயே விடை சொல்லும்.

இவ்வளவையும் படித்து, விவசாயமே வேண்டாம் என்று யாரும் மலைக்கவேண்டியதில்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த விவசாயி இவற்றுள் பலவற்றைத் தகப்பன் தோளில் அமர்ந்தே கற்றுக்கொண்டான். புதிதாக வருகிறவர்களுக்கு அந்தத் தோள் வாய்க்கவில்லை என்பதே வித்தியாசம். ஆகவே முதல் வருஷம் மல்லாட்டையும் கீரையுமாகக் குறைவாகப் பயிரிட்டு, அண்டை நிலத்துப் பெரியவரிடம் நிறையக் கேட்டு, பத்திரங்களையும் ரசீதுகளையும் ஈரம் படாத ஒரு பெட்டியில் வைத்து, மேற்சொன்ன எண்களைச் சமையலறைச் சுவரில் குழந்தைக்கும் எட்டும் உயரத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டாம் வருஷம் மாட்டையும் நெல்லையும் அதிகமாக்கிக்கொள்ளலாம்.